பிஸ்கட் அச்சும் மாவின் பதமும்: டர்பனில் முதல் தீபாவளிக்குத் தயாராகிறவர்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குக் குடிவந்து முதல் தீபாவளியை எதிர்நோக்கி இருக்கிறீர்களா? அப்படியானால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே தீபாவளித் தட்டில் முறுக்கும் லட்டும் இருந்தால் மட்டும் போதாது, பிஸ்கட் இருக்க வேண்டும். அதுவும் ஒரு வகையோடு நிற்பதில்லை; ஐந்தாறு வகை செய்யும் வீடுகள் இருக்கின்றன. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கியவர்களும், அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். அவர்கள் வழிவந்த குடும்பங்கள் முறுக்கு உரலையும் கைவிடவில்லை, இந்த ஊர் ஓவனையும் தள்ளிவைக்கவில்லை. அதனால் நம்மவர்கள் நிறைந்த டர்பன் பகுதிகளான சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் அக்டோபர் மாதத்தில் ஒரு தெரு முழுக்க வெண்ணெய் உருகும் வாசம் அடிக்கும். தட்டுகள் சுற்றத்தாருக்கு மட்டும் போவதில்லை. பக்கத்து முஸ்லிம் வீட்டுக்கும் எதிர்த்த கிறிஸ்தவ வீட்டுக்கும் போகும். ஈத் வந்தால் அங்கிருந்து நமக்குத் தட்டு வரும்.

இத்தனை பிஸ்கட்டையும் உருட்டித் தேய்த்து வெட்டிக்கொண்டிருந்தால் நாள்கள் போதாது. எனக்குக் கைகொடுப்பது பிஸ்கட் அச்சுதான். என் சமையலறையில் ஒரே ஒரு கருவியை வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், யோசிக்காமல் அதைத்தான் எடுப்பேன். முறுக்கு பிழியத் தெரிந்த எவருக்கும் இது கைவரும். ஆனால் முறுக்குப் பழக்கத்தை அப்படியே இதற்குக் கொண்டுவந்தால் முதல் தட்டிலேயே மனம் உடைந்துபோகும். எனக்கு அப்படித்தான் ஆயிற்று. உங்களுக்கு ஆகக் கூடாது என்றே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கருவியை அறிந்துகொள்ளுங்கள்

முறுக்கு உரலைப் போலவே இதிலும் ஒரு குழாய், அதற்குள் மாவைத் தள்ளும் ஒரு தண்டு, வாயில் பொருத்த ஓட்டைகள் உள்ள தகடுகள் இருக்கும். தகட்டைப் பிடித்துக்கொள்ள ஒரு திருகு வளையம் உண்டு. வேறுபாடு தண்டில்தான். அதில் வரிசையாகப் பற்கள் வெட்டியிருக்கும். கைப்பிடியை ஒருமுறை அழுத்தினால் தண்டு ஒரு பல் தூரம் மட்டும் இறங்கும்; ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அந்த ஒரு ‘டக்’ ஒரு பிஸ்கட். முறுக்கு நூலாக இறங்கிக்கொண்டே இருக்கும். இது அளந்து கொடுக்கும். அதனால்தான் அறுபது பிஸ்கட்டும் ஒரே அளவில் வந்து, ஓவனில் ஒன்றுபோல வேகின்றன.

பல் வைத்த தண்டு இல்லாமல், மேலே திருகும் பழைய வகையும் உண்டு. அதில் எவ்வளவு திருப்பினால் ஒரு பிஸ்கட் என்று உங்கள் கைதான் பழக வேண்டும். இன்னும் சில வீடுகளில், மேசை விளிம்பில் பூட்டிக் கையால் சுற்றும் இறைச்சி அரைக்கும் இயந்திரத்தின் வாயில் பிஸ்கட் தகடு பொருத்தி நீள நீளமாக இழுப்பார்கள். புரட்டாசி விரதம் காக்கும் வீட்டில் அதற்கென்று தனி இயந்திரம் வேண்டும். புதியவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

வாங்கும்போது உலோகக் குழாய் உள்ளதாகப் பாருங்கள். முழுவதும் பிளாஸ்டிக்கில் செய்தவை சற்றுக் கெட்டி மாவுக்கே விரிசல் விடும். தகட்டைப் பொருத்தி வளையத்தைத் திருகிய பிறகு காதருகே வைத்துக் குலுக்குங்கள். தகடு ஆடும் சத்தம் கேட்டால் வேண்டாம். அந்த இடுக்கு வழியாக மாவு கசியும். இருபது தகடு இருக்கிறது என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆண்டு முழுவதும் நான் பயன்படுத்துவது மூன்று: நடுத்தர ஓட்டைகள் உள்ள பூ, நட்சத்திரம், வரிவரியாக இறங்கும் பட்டை. ஊசி முனை போன்ற மெல்லிய கோடுகள் உள்ள தகடுகள் பார்க்க அழகாக இருக்கும். பழகாத கையில் அவற்றிலிருந்து ஒழுங்கான வடிவம் வருவது கடினம்.

கடையில் கேட்க வேண்டியவை

இங்கே மைதா என்று கேட்டால் கடைக்காரர் விழிப்பார். கேக் ஃப்ளோர் என்று எழுதிய பாக்கெட்டை எடுங்கள். அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் அந்தப் பெயரில் வரும் மிக மென்மையான மாவு வேறு. தென்னாப்பிரிக்காவில் இது அன்றாட வெள்ளைக் கோதுமை மாவு, நம் மைதாவுக்குப் பக்கத்தில் வருவது. அதே அலமாரியில் செல்ஃப் ரெய்சிங் என்று ஒன்று இருக்கும். அதில் பேக்கிங் பவுடர் கலந்திருக்கும். அதை எடுத்தால் பூ இதழெல்லாம் ஊதி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வட்டமாகிவிடும்.

வெண்ணெய் 500 கிராம் கட்டியாகக் கிடைக்கிறது. விலை கட்டுப்படியாகாவிட்டால் காகிதத்தில் சுற்றிய கட்டி மார்ஜரின் நல்ல மாற்று. பல வீடுகளில் பாதிக்குப் பாதி கலக்கிறார்கள். டப்பாவில் வரும், ரொட்டிக்குத் தடவும் வகை வேண்டவே வேண்டாம். அதில் தண்ணீர் அதிகம்.

ஒரு தராசும் வாங்கிவிடுங்கள். இங்கே ஒரு கப் என்றால் 250 மில்லி. வேறு நாட்டுக் குறிப்புகளில் கப்பின் அளவு வேறாக இருக்கும். கப்பில் மாவை அள்ளும்போது அமுக்கி அள்ளினால் ஓர் எடை, தளர்வாக அள்ளினால் இன்னோர் எடை. அச்சில் பிழியும் மாவுக்கு இந்த வித்தியாசமே வினையாகும்.

அளவு

முதல் முறைக்கு இது போதும்: உப்பில்லாத வெண்ணெய் 250 கிராம், காஸ்டர் சர்க்கரை (பொடி மணியாக இருக்கும் சர்க்கரை) 150 கிராம், முட்டை ஒன்று, வெனிலா எசன்ஸ் ஒரு டீஸ்பூன், கேக் ஃப்ளோர் 280 கிராம், கஸ்டர்டு பவுடர் 40 கிராம், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. உப்புப் போட்ட வெண்ணெய் என்றால் தனியாக உப்பு வேண்டாம். ஏறக்குறைய அறுபது பிஸ்கட் வரும்.

கஸ்டர்டு பவுடர் இல்லாவிட்டால் 320 கிராமும் மாவாகவே போடலாம். ஆனால் அது கொடுக்கும் மஞ்சள் நிறமும், வாயில் போட்டதும் கரையும் தன்மையும் எனக்குப் பிடித்தவை. வெனிலாவுக்குப் பதில் ஏலக்காய்ப் பொடி போட்டால் வீடே மணக்கும். பொடியைச் சலித்துப் போடுங்கள். தோல் துணுக்கு ஒன்று தகட்டு ஓட்டையில் சிக்கினாலும் அந்த இதழ் வராது.

புரட்டாசியில் முட்டை சேர்க்காத வீடாக இருந்தால், முட்டைக்குப் பதில் மூன்று டேபிள்ஸ்பூன் பால். அதை ஒரேயடியாக ஊற்றாமல் பதம் பார்த்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

நான் உடைத்த கைப்பிடி

இந்தக் கருவிக்குப் பலம் தேவையில்லை. பதம்தான் தேவை. இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணமாகி இங்கே வந்த முதல் ஆண்டு. வெட்டிச் செய்யும் பிஸ்கட் மாவை ஃபிரிட்ஜில் வைத்துக் கெட்டியாக்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். அச்சு மாவையும் அப்படியே ஒரு மணி நேரம் வைத்து எடுத்தேன். அத்தையின் பழைய அச்சில் நிரப்பி அழுத்தினேன். இறங்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, தோளைக் கொடுத்து அழுத்தினேன். படீரென்று கைப்பிடி முறிந்து கையோடு வந்துவிட்டது. வாயில் பார்த்தால் புழுப்போல நான்கு இழை மட்டும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தை திட்டவில்லை. குழாயைத் திருகித் திறந்து, மாவை உள்ளங்கையில் கொட்டி, கட்டைவிரலால் அமுக்கிக் காட்டினார். உருண்டையின் விளிம்பு முழுவதும் வெடித்துப் பிளந்தது. “பாத்தியாம்மா, இது கல்லு. கல்லை எப்படிப் பிழியறது?” என்றார். பிறகு அந்த உருண்டையைக் கைச்சூட்டிலேயே பிசைந்துகொண்டிருந்தார். இரண்டு நிமிடம் இருக்கும். மறுபடி அமுக்கினார். இந்த முறை விரல் பதிந்தது, விளிம்பு வெடிக்கவில்லை. அன்றைக்கு மீதி மாவை முறுக்கு உரலில் நட்சத்திரத் தகடு போட்டு நீளநீளமாகப் பிழிந்து தட்டை நிரப்பினோம்.

ஆகவே ஃபிரிட்ஜ் பிழிவதற்கு முன்னால் அல்ல. தேவைப்பட்டால், பிழிந்த பின்னால்.

மாவு சேர்ப்பது

வெண்ணெயின் சூட்டில்தான் எல்லாம் தொடங்குகிறது. விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும். ஆனால் மேற்பரப்பு பளபளக்கக் கூடாது. பளபளப்பு வந்துவிட்டால் உருகத் தொடங்கிவிட்டது என்று பொருள். டர்பனில் நவம்பர் புழுக்கத்தில், வெளியே வைத்த வெண்ணெய் அந்தப் பதத்தைச் சீக்கிரமே தாண்டிவிடும். பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து மீட்டுவிடலாம். முட்டையும் அறைச்சூட்டில் இருக்கட்டும். குளிர்ந்த முட்டை விழுந்தால் வெண்ணெய் திரிந்ததுபோல் ஆகிவிடும்.

வெண்ணெயையும் சர்க்கரையையும் நிறம் வெளுக்கும்வரை அடியுங்கள். மின்சாரக் கருவியானால் இரண்டு மூன்று நிமிடம், மரக்கரண்டியானால் கை வலிக்கும்வரை. கேக்குக்கு அடிப்பதுபோல் நுரைக்க நுரைக்க அடிக்க வேண்டாம். உள்ளே காற்று அதிகமானால் ஓவனில் பிஸ்கட் உப்பி, வரி அழிந்துவிடும். முட்டை, எசன்ஸ் சேர்த்து ஒன்றாக்குங்கள். மாவு, கஸ்டர்டு, பேக்கிங் பவுடர் மூன்றையும் இரண்டுமுறை சலித்து, மூன்று பங்காகச் சேருங்கள். கடைசிப் பங்குக்குக் கரண்டியை வைத்துவிட்டுக் கையை விடுங்கள். வெள்ளை மாவு கண்ணில் படாதவுடன் நிறுத்திவிடுங்கள். சப்பாத்தி மாவுபோல் பிசைந்தால் பிஸ்கட் ரப்பராகும்.

இப்போது பதம் பார்க்க வேண்டும். முறுக்கு மாவைவிட இது இளக்கமாக, காது மடலைத் தொட்டதுபோல் இருக்கும். ஆனால் கையில் ஒட்டாது. சந்தேகமிருந்தால் அச்சில் நிரப்புவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். பூத் தகட்டை மட்டும் கையில் எடுத்து, நெல்லிக்காய் அளவு மாவை அதன்மேல் வைத்துக் கட்டைவிரலால் தள்ளுங்கள். மறுபக்கம் இதழ்கள் வழுவழுப்பாக வந்தால் பதம் சரி. ஓரம் செதில் செதிலாகப் பிய்ந்து வந்தால் மாவு கெட்டி. ஒரு டீஸ்பூன் பால் தெளித்துச் சேருங்கள். இதழ் வந்தவுடன் தொய்ந்து வழிந்தால் மாவு சூடாகிவிட்டது. உடனே உலர்ந்த மாவை அள்ளிப் போடத் தோன்றும், வேண்டாம். ஐந்து நிமிடம் குளிர வைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

ஜோகன்னஸ்பர்க்கிலோ பிரிட்டோரியாவிலோ குடியிருந்தால் காற்று உலர்ந்தது, மாவும் உலர்ந்தே இருக்கும். இதே அளவுக்கு அங்கே ஒன்றிரண்டு டீஸ்பூன் பால் கூடுதலாக வேண்டியிருக்கும்.

முந்திரித் துண்டு, செர்ரித் துண்டு, தேங்காய்த் துருவல் எதையும் இந்த மாவுக்குள் கலக்காதீர்கள். எல்லாம் மேலே வைப்பதற்கு. நெய் வார்த்துச் செய்யும் நான்கட்டாய் மாவையும் அச்சில் போடாதீர்கள். அது உதிரும் இயல்புடையது. கையால் உருட்டினால்தான் அதற்கு அழகு.

தட்டில் பிழிவது

பிழிவதற்கு முன்பே ஓவனை 180 டிகிரியில் மூட்டிவிடுங்கள். விசிறி ஓடும் ஓவன் என்றால் 165 போதும்.

தட்டு வெறுந்தட்டாக இருக்க வேண்டும். நெய் தடவக் கூடாது, காகிதம் விரிக்கக் கூடாது. கேட்டதும் யாரும் நம்புவதில்லை. நானும் முதலில் நம்பவில்லை. காரணம் இதுதான்: அச்சின் வாயிலிருந்து மாவு பிரிய வேண்டுமானால், அது தட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எண்ணெய்ப் பசை இருந்தால் பிடிக்காது. காகிதமானால் அச்சைத் தூக்கும்போது காகிதமும் கூடவே எழும். வெந்த பிறகு ஒட்டிக்கொள்ளுமோ என்ற கவலை வேண்டாம். மாவில் இருக்கும் வெண்ணெயே அதை விடுவித்துவிடும். மினுமினுக்கும் ஒட்டாத பூச்சுள்ள தட்டைவிட, பழைய அலுமினியத் தட்டுதான் இதற்கு நல்லது.

தட்டு குளிர்ந்தும் இருக்க வேண்டும். சூடான தட்டில் மாவின் அடி இளகி, அச்சோடு மேலே வந்துவிடும். இரண்டு தட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஓவனில் இருக்கும்போது, மற்றதைக் குழாய்த் தண்ணீரில் காட்டி, ஈரம் துளியும் இல்லாமல் துடைத்துவிடுங்கள்.

குழாயில் மாவை நிரப்பும்போது நீள உருளையாக உருட்டி இறக்குங்கள். துண்டு துண்டாகப் போட்டால் நடுவில் காற்று அடைபடும். அச்சைச் செங்குத்தாக, வாய் தட்டைத் தொடும்படி வையுங்கள். அந்தரத்தில் பிடிப்பதுதான் முறுக்குக் கையின் பழக்கம், இங்கே கூடாது. ஒரு ‘டக்’. உடனே தூக்காதீர்கள், ஒரு மூச்சு விட்டு நிதானியுங்கள். மாவு தட்டைப் பிடிக்க அந்த நேரம் வேண்டும். பிறகு திருகாமல், சாய்க்காமல், நேரே மேலே தூக்குங்கள்.

முதல் இரண்டு மூன்று சரியாக வராது. குழாயின் வாய்வரை மாவு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். அவற்றை வழித்து மறுபடி மாவோடு சேர்த்துவிடுங்கள். நான்காவது பூ முழுதாக வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது வரும் சந்தோஷம் இருக்கிறதே, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு அது குறையவில்லை. எட்டு இதழ், நடுவில் ஒரு புள்ளிக் குழி, இதழின் மேல் மயிரிழை வரிகள். அந்தக் குழியில் அரைச் செர்ரியை மெதுவாக அழுத்தி வைப்பது எங்கள் வீட்டுக் குழந்தைகளின் வேலை.

பட்டைத் தகட்டுக்கு முறை வேறு. அச்சைச் சாய்த்துப் பிடித்து, அழுத்திக்கொண்டே தட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு இழுங்கள். வெந்து வெளியே வந்தவுடன், சூட்டோடு விரல் நீளத்துக்கு வெட்டுங்கள். ஆறினால் நொறுங்கும். பிறகு ஒரு முனையை உருக்கிய சாக்லேட்டில் தோய்த்தால் தட்டில் முதலில் காலியாவது அதுதான்.

வெயில் கடுமையான நாளானால் பிழிந்த தட்டைப் பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு ஓவனுக்கு அனுப்புங்கள். வடிவம் கட்டுக்கோப்பாக நிற்கும். மின்வெட்டு வந்துவிட்டாலும் இதே வழி: பிழிந்ததை மூடி உள்ளே வைத்துவிட்டால், மின்சாரம் வந்ததும் வேலையைத் தொடரலாம்.

வேகவைப்பதும் ஆறவைப்பதும்

பத்து முதல் பன்னிரண்டு நிமிடம். எட்டாவது நிமிடத்திலிருந்து கண்ணாடி வழியே பாருங்கள். ஓரம் மட்டும் இளம்பொன்னாக மாற வேண்டும். நடு வெளுப்பாகவே இருக்கும். தொட்டால் மெத்தென்று இருக்கிறதே என்று மறுபடி உள்ளே தள்ளாதீர்கள், ஆறும்போது மொறுமொறுப்பாகிவிடும். தட்டிலேயே இரண்டு நிமிடம் விட்டு, பிறகு கம்பி வலைக்கு மாற்றுங்கள்.

முழுக்க ஆறுவதற்கு முன் டப்பாவில் அடைத்தால் அத்தனை உழைப்பும் வீண். உள்ளேயே வியர்த்துத் தொய்ந்துவிடும். டர்பனின் கடற்காற்றில், மூடாமல் ஓர் இரவு வைத்தாலும் இதே கதிதான். இங்கே எல்லா வீட்டிலும் 2 லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாக்கள் சேர்ந்திருக்கும்; கழுவி நன்றாக உலர்த்தி, அடுக்குக்கு அடுக்கு மெழுகுத்தாள் வைத்து நிரப்பினால் இரண்டு வாரத்துக்குக் குறையாமல் மொறுமொறுப்பாக இருக்கும். நமத்துவிட்டால் 150 டிகிரியில் நான்கைந்து நிமிடம் சூடாக்கி ஆறவிடுங்கள். சாக்லேட் தோய்ப்பதைத் தட்டு அனுப்பும் நாளுக்கு முந்தின நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சைக் கழுவாமல் தூங்கப் போகாதீர்கள். காய்ந்த மாவு தகட்டு ஓட்டையில் கல்லாகிவிடும். வெந்நீரில் ஊறவிட்டு, பல்குச்சியால் ஒவ்வோர் ஓட்டையாகக் குத்தி எடுங்கள். அலுமினிய அச்சைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டால் கறுத்துவிடும். தண்டின் பற்களுக்குப் பழைய பல்துலக்கி நல்லது. துடைத்த பிறகும் குழாயின் அடியிலும் வளையத்தின் திருகிலும் ஈரம் தங்கியிருக்கும். நான் வேலை முடிந்து அணைத்த ஓவனின் இளஞ்சூட்டில், கதவைத் திறந்து வைத்து, உலோகப் பாகங்களைக் கால் மணி நேரம் வைத்துவிடுவேன். காலையில் தகடுகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைப்பேன். அடிக்கடி வேண்டிய மூன்று மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும்.